254 மில்லிமீட்டரில் தொடங்கிய செயின்: தருமபுரி – கிருஷ்ணகிரி ஓட்டத்தில் ஒரு தேய்மானக் கணக்கு

பைக்கின் பழைய செயின் செட்டை, அதாவது செயினையும் இரண்டு பல்சக்கரங்களையும், கழற்றிய அன்றே முடிவு பண்ணிவிட்டேன், புதுசை முதல் நாளில் இருந்து அளந்துகொண்டே ஓட்டுவது என்று. வண்டி 150 சிசி, ஐந்து கியர். கம்பெனியில் இருந்து வந்தது முன் பல்சக்கரத்தில் 14 பல், பின் பல்சக்கரத்தில் 42 பல், 428 செயின். மூட்டுகளில் ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் இல்லாத சாதா செயின்தான். செயின் கவர் மேல்பக்கம் மட்டும், கீழ்ப்பக்கம் முழுக்கத் திறப்பு. தினசரி ஓட்டம் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே என்.ஹெச். 44. வேலைக்காக பர்கூர் பக்கம் கிரானைட் லாரி ஓடும் மண் ரோட்டிலும் போக வேண்டியிருக்கும்.

428 என்ற எண்ணின் முதல் இலக்கம் பிட்ச்சைச் சொல்கிறது, அதாவது மூட்டுகளின் குறுக்கே போகும் பின்களில் அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே உள்ள தூரத்தை. 4 என்றால் எட்டில் நான்கு அங்குலம், அதாவது அரை அங்குலம், 12.7 மி.மீ. பெரிய வண்டிகளில் வரும் 520, 525, 530 எல்லாமே 15.875 மி.மீ. பிட்ச். என் செயினில் 20 பிட்ச் சேர்ந்தால் 254 மி.மீ. ஒரு அடி இரும்பு ஸ்கேலுக்குள் அடங்கிவிடுகிற நீளம் என்பதால் அளக்க இதைவிட வசதியான எண் கிடையாது.

அளக்கும் முறை இதுதான். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, கீழ்ப்பக்கச் செயினை விரலால் அழுத்தி இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு பின்னின் இடது ஓரத்தில் ஸ்கேலின் பூஜ்ஜியத்தை வைத்து, அதை ஒன்றாக எண்ணி, 21வது பின்னின் இடது ஓரம் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் அளந்தால் போதாது. சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடங்களில் அளந்து, அதிகமாக வந்ததைத்தான் குறித்துக்கொள்கிறேன். ஸ்கேலில் அரை மி.மீ. வரை நம்பலாம், அதற்குக் கீழே எழுதுவதில் அர்த்தமில்லை. 2 சதவீதம் கூடினால், அதாவது 259 வந்தால், செட்டையே மாற்றிவிடுவது என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட எல்லை.

இந்த நீளம் எங்கிருந்து கூடுகிறது என்று புரிந்த பிறகுதான் ஆயில் போடும் முறையே எனக்கு மாறியது. வெளித் தகடுகள் இரண்டையும் சேர்ப்பது பின். அந்தப் பின், உள் தகடுகள் சேர்ந்த உள் லிங்க்கின் (கண்ணியின்) புஷ் என்ற சின்னக் குழாய்க்குள் திரும்புகிறது. புஷ்ஷின் மேல் சுழல்வது ரோலர். பல்சக்கரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒவ்வொரு மூட்டும் மடங்கி நிமிர்கிறது. அந்த உரசலில் பின்னும் புஷ்ஷும் தேய்ந்து இடைவெளி விழுகிறது. அளக்கும் அந்த 20 பிட்ச்சின் மூட்டுகளில் விழுந்த சின்னச் சின்ன இடைவெளிகளின் கூட்டுத்தொகையைத்தான் ஸ்கேல் காட்டுகிறது. தகடுகள் இருந்தபடியேதான் இருக்கின்றன. இன்னும் உற்றுப் பார்த்தால், உள் லிங்க்கின் இரண்டு புஷ்களும் ஒரே தகட்டில் இறுக்கி அடிக்கப்பட்டவை என்பதால் அந்த இரண்டு ரோலர்களுக்கு நடுவே உள்ள தூரம் மாறுவதே இல்லை. கூடுவதெல்லாம் வெளி லிங்க்கில்தான். சராசரியாக 2 சதவீதம் கூடியது என்றால், ஒன்று விட்டு ஒரு பிட்ச் 4 சதவீதம் கூடிவிட்டது என்று பொருள். தேய்ந்த செயின் பல்லில் உட்காரும்போது ஒரு நறநறப்பு கேட்கிறதே, அதற்கு இந்த ஏற்ற இறக்கமும் ஒரு காரணம்.

ஆக, ஆயில் போய்ச் சேர வேண்டிய இடம் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே. அங்கே போக ஒரே வழி உள் தகடும் வெளித் தகடும் உரசும் அந்த மெல்லிய இடுக்கு. ரோலரின் நடுவில் எவ்வளவு ஊற்றினாலும் அந்த இடத்துக்கு வராது. மேலே அப்பிய கிரீஸ் நிச்சயமாக வராது.

முதல் 6,000 கி.மீ. கடையில் விற்கும் ஒட்டும் தன்மையுள்ள செயின் ஸ்ப்ரேதான் அடித்தேன். நெடுஞ்சாலையில் மட்டும் ஓடிய வாரங்களில் செயின் சுத்தமாக இருந்தது, சத்தமும் இல்லை. குவாரி ரோட்டில் போய் வந்த நாட்களில்தான் கதை வேறு. கிரானைட் தூளில் குவார்ட்ஸ் துகள் இருக்கிறது, இரும்பைச் சுரண்டும் அளவுக்குக் கடினமானது. அது பசையில் ஒட்டிக்கொண்டால் செயினுக்குச் சாணைக்கல் பூசிய கதைதான். ஒரு மூட்டை மட்டும் துணியால் துடைத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தேன். வெளியே கறுப்பு ஈரம் மினுமினுக்கிறது. லிங்க்கைப் பக்கவாட்டில் மடக்கினால் தகடுகளின் இடுக்கில் இருந்து செம்பழுப்பாக நயமான தூள் உதிர்கிறது. அது ரோட்டு மண் அல்ல, துரு. உள்ளே பின் வறண்டு, இரும்போடு இரும்பு உரசுவதன் அடையாளம். மேலே ஈரமாக இருக்கும் செயினுக்குள் இப்படி வறட்சி இருக்கும் என்று அதைக் கண்ணால் பார்க்காமல் நம்பியிருக்க மாட்டேன்.

6,000 முடிவில் அளவு 256.

அதற்குப் பிறகு எஸ்.ஏ.இ. 90 கியர் ஆயிலுக்கு மாறினேன். நம் ஊர் வண்டிகளின் கையேடுகள் பலவற்றில் பல காலமாகச் சொல்லப்படுவதும் இதுதான். மெடிக்கலில் வாங்கிய 5 மி.லி. சிரிஞ்சில் ஆயிலை எடுத்து, கீழ்ப்பக்கச் செயினின் மேல்முகத்தில், அதாவது வளையத்தின் உட்புறத்தில், இடதுபுறத் தகட்டு இடுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு. ஒரு சுற்று முடிந்ததும் வலதுபுறம் அதேபோல. உட்புறத்தில் விடுவதற்குக் காரணம் உண்டு. செயின் பல்சக்கரத்தைச் சுற்றும்போது ஆயில் வெளிப்பக்கமாக வீசப்படும், அப்போது அது மூட்டின் வழியாகப் போய்த்தான் வெளியேற வேண்டும். இரவு போட்டுவிட்டுக் காலையில் துணியால் அழுத்தித் துடைத்துவிடுகிறேன். வெளியே மிச்சம் இருக்கும் ஆயில் செயினுக்கு ஒரு உபகாரமும் செய்வதில்லை. தூசியை இழுக்கும், ரிம்மில் தெறிக்கும், டயரில் பட்டால் ஆபத்து.

இந்த முறையில் நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது, மறுக்கவில்லை. 500 கி.மீ.க்கு ஒரு தரம், மழையில் நனைந்தால் அன்றே, குவாரி ரோட்டில் போனால் அந்த வார முடிவில். கழுவுவது மண்ணெண்ணெயும் நைலான் பிரஷ்ஷும். ஓ ரிங் செயின் வைத்திருப்பவர்கள் பெட்ரோலையும் கம்பி பிரஷ்ஷையும் பக்கத்திலேயே கொண்டு வரக் கூடாது. அந்த ரப்பர் வளையம்தான் கம்பெனி உள்ளே வைத்த கிரீஸை அடைத்துக் காப்பது, அது கெட்டால் மறுபடி உள்ளே கிரீஸ் வைக்க வழியில்லை. என்ஜினில் இருந்து வடித்த பழைய ஆயிலை ஊற்றும் பழக்கமும் நம் பக்கம் நிறைய இருக்கிறது. அதில் இரும்புத் துகளும் எரிந்த கசடும் கலந்திருக்கும். நூறு மில்லி புது கியர் ஆயில் மாதக்கணக்கில் வரும்போது அந்தச் சிக்கனம் தேவையே இல்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். என்ஜினை ஓடவிட்டுக் கியரில் போட்டுச் செயினைத் துடைப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். துணி மாட்டினால் கையும் சேர்ந்து பல்சக்கரத்துக்குள் போகும், விரல் மிஞ்சாது. சாவியைக் கழற்றி வைத்துவிட்டுக் கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள், போதும்.

ஆயிலுக்கு மாறிய பின் அடுத்த 6,000 கி.மீ. முடிவில் 257. முதல் பாதியில் 2 மி.மீ., இரண்டாம் பாதியில் 1 மி.மீ. முழுப் புகழையும் ஆயிலுக்குக் கொடுக்க முடியாது, புதுச் செயின் ஆரம்பத்தில் பொருந்தும்போது கொஞ்சம் கூடுதலாகவே நீளும். ஆனால் மூட்டை மடக்கினால் இப்போது செந்தூள் வருவதில்லை, கறுப்பு ஆயில்தான் கசிகிறது. எனக்கு அந்தச் சான்று ஸ்கேலைவிடப் பெரியது.

சரி, பல்சக்கரத்துக்கு வருவோம்.

14க்கு 42 என்றால் விகிதம் சரியாக 3. நெடுஞ்சாலையில் 80ல் போகும்போது என்ஜின் 6,500 சுற்றில் கத்திக்கொண்டிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. பாலக்கோடு ரோட்டில் நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக் அண்ணன் ஒரே வரியில் கணக்கைச் சொல்லிவிட்டார்: "முன்னாடி ஒரு பல் கூட்டுனா பின்னாடி மூணு பல் கொறச்சதுக்குச் சமம் தம்பி, எது செலவு கம்மியோ அதப் பண்ணு." முன்னால் 15 போட்டால் விகிதம் 2.8. அதே 80க்குச் சுற்று 6,000க்குச் சற்று மேலே வந்து நின்றது. ஹேண்டில்பாரிலும் ஃபுட்ரெஸ்ட்டிலும் இருந்த அதிர்வு தெளிவாகக் குறைந்தது. காரிமங்கலம் தாண்டிப் போகும் நேர்ரோட்டில் வண்டி ஒரு கியர் கூடுதலாக இருப்பதாகவே பட்டது. மைலேஜும் கொஞ்சம் கூடியது, ஆனால் எதிர்க்காற்று அடிக்கும் நாளில் அந்த லாபம் காணாமல் போகிறது.

விலை கொடுக்க வேண்டிய இடம் ஏத்தம். சேலத்தில் இருந்து திரும்பி வரும்போது தொப்பூர் கணவாயில் ஆள் ஏற்றிக்கொண்டு ஐந்தாவது கியரிலேயே ஏறிய வண்டி, 15 பல்லில் நான்காவது கேட்கிறது. இதில் எனக்கு வருத்தமில்லை, கியர் இருப்பதே மாற்றத்தானே. வத்தல்மலை வேறு விஷயம். அங்கே கொண்டை ஊசி வளைவுகளில் 14 பல் இரண்டாவது கியரில் இழுத்துவிடும். 15 பல்லில் முதல் கியருக்கு இறங்க வேண்டும், இல்லையென்றால் கிளட்ச்சை அரைக்க வேண்டும். மலைக்கிராமத்துக்குத் தினமும் சுமை ஏற்றிப் போகிறவர் 15 போடவே கூடாது என்பது என் முடிவு. பென்னாகரத்தில் இருந்து ஒகேனக்கல் இறங்கும் பாதையிலும் என்ஜின் பிடிமானம் ஒரு துளி குறைவாக இருப்பது தெரிகிறது, பிரேக் கூடுதலாகத் தொட வேண்டியிருக்கிறது.

இழுவைதான் வேண்டும் என்பவர்கள் முன்னால் 13 போடுவது வழக்கம், மலிவு என்பதால். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். 13க்கு 42ம், 14க்கு 45ம் கிட்டத்தட்ட ஒரே விகிதம்: 3.23, 3.21. ஆனால் 13 பல்லில் ஒவ்வொரு மூட்டும் ஏறும்போதும் இறங்கும்போதும் கிட்டத்தட்ட 28 டிகிரி மடங்க வேண்டும், 15 பல்லில் 24 டிகிரிதான். சின்ன வட்டத்தில் அதே முறுக்கு விசை வரும்போது செயினில் இழுப்பும் கூடுகிறது. மடிப்பும் இழுப்பும் சேர்ந்து கூடினால் தேய்மானம் கூடாமல் இருக்குமா? போதாக்குறைக்குச் செயின் கீழிறங்கி, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் ரப்பரை அறுக்கும். காசு கொஞ்சம் கூடினாலும் பின்னால் பெரிய பல்சக்கரம் போடுவதே நல்லது.

15க்கு இன்னொரு நன்மையும் இருக்கிறது, கழற்றிய 14 பல் சக்கரத்தைக் கையில் வைத்துப் பார்த்தபோது தெரிந்தது. பற்களின் பக்கவாட்டில் ஒன்று விட்டு ஒன்று பளபளப்பு. செயினில் உள் லிங்க், வெளி லிங்க் என்று மாறி மாறி வருவதால் மொத்த எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படை. சக்கரத்தின் பல்லும் இரட்டைப்படையாக இருந்தால், உள் லிங்க்கில் நுழையும் பல் ஆயுசு முழுக்க உள் லிங்க்கிலேயே நுழைந்துகொண்டிருக்கும். குறுகிய இடம் என்பதால் தகடு அதே பல்லையே உரசும். ஒற்றைப்படைப் பல் என்றால் ஒரு சுற்றில் உள், மறு சுற்றில் வெளி என்று தேய்மானம் பங்கு பிரிந்துவிடும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில. முன்னால் ஒரு பல் கூடினால் பின் அச்சு சுமார் 3 மி.மீ. முன்னே வர வேண்டும், அட்ஜஸ்டரில் அந்த இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். செயின் தேய்ந்த நிலையில் புதுப் பல்சக்கரம் போட்டால் புதுசும் சீக்கிரம் போய்விடும். நான் 15ஐச் செட் புதுசாக இருந்த ஆரம்பத்திலேயே போட்டுவிட்டேன். செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் லிங்க்கில் உள்ள லாக் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். ஸ்பீடாமீட்டர் முன்சக்கரத்தில் இருந்து எடுப்பதாக இருந்தால் மாற்றமில்லை, கியர்பாக்ஸ் பக்கம் இருந்து எடுக்கும் வண்டியில் வேகமும் கிலோமீட்டரும் 7 சதவீதம்வரை குறைத்துக் காட்டும்.

லூஸ், அதாவது செயின் மேலும் கீழும் ஆடும் அளவு, வைப்பதில் நம் ஆட்களுக்கு இறுக்கிவிடும் கை அதிகம். என் வண்டிக்குக் கையேடு சொல்வது 20 முதல் 30 மி.மீ. செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை என்பதால் சக்கரத்தைச் சுற்றி, மிக இறுக்கமாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கேதான் அந்த அளவை வைக்க வேண்டும். ஆள் உட்கார்ந்து ஸ்விங் ஆர்ம் மேலேறும்போது முன் பல்சக்கரம், ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் அச்சு மூன்றும் நேர்க்கோட்டுக்கு வருகின்றன. செயின் அதிகம் இறுகுவது அந்த நிலையில்தான். ஸ்டாண்டில் சரியாகத் தெரிகிற இறுக்கம், மாம்பழப் பெட்டி ஏற்றிய வண்டியில் கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்னும்.

இப்போதைய அளவு 257.5. இன்னும் ஒன்றரை மி.மீ. பாக்கி இருக்கிறது. அடுத்த செட்டுக்கு 15க்கு 43 போடலாம் என்று இருக்கிறேன். விகிதம் 2.87, தொப்பூரில் கொஞ்சம் இழுவை திரும்பக் கிடைக்கும், இரண்டு பல்சக்கரமும் ஒற்றைப்படை. ஓ ரிங் வைத்த 428 செயினும் விசாரித்தாயிற்று. அதன் பின்கள் சாதா செயினைவிட அகலமாக நீட்டிக்கொண்டிருக்கும், முன் பல்சக்கரத்தின் மூடியில் உரசாமல் சுற்ற இடம் இருக்கிறதா என்று மூடியைக் கழற்றி அளந்த பிறகே ஓசூரில் சொல்லி எடுக்க வேண்டும்.