எடை மேடையிலிருந்து டோனி க்வின்னைப் பார்த்த கதை

மாம்பழ சீசன் வந்தால் எனக்கு நைட் ஷிப்ட்தான். கிருஷ்ணகிரிக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கூழ் ஆலையில் எடை மேடை என் பொறுப்பு. போச்சம்பள்ளி, பர்கூர், காவேரிப்பட்டினம் பக்கமிருந்து பெங்களூரா ரக மாம்பழ லோடு வந்துகொண்டே இருக்கும். லோடோடு ஒரு எடை, இறக்கிவிட்டு வந்ததும் காலி வண்டிக்கு ஒரு எடை, கழித்து எழுதிச் சீட்டு கொடுக்க வேண்டும். நடுநிசி தாண்டியும் வரிசை நிற்கும். நான்கு மணிக்கு மேல்தான் கொஞ்சம் ஓயும். நியூயார்க்கில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் பேஸ்பால் ஆட்டம் நமக்கு அதிகாலை 4.30. டீ குடித்துக்கொண்டே போனில் பார்க்க ஆரம்பித்தேன். இப்போது அது இல்லாமல் எனக்குச் சீசன் கிடையாது.

ஆனால் நான் பேஸ்பாலுக்குள் போனதற்கு உண்மையான காரணம் என் அண்ணன்.

சின்ன வயதில் நான் கிரிக்கெட் ஆடியது குறைவு, ஸ்கோர் எழுதியது அதிகம். 1996-லிருந்து 2008 வரை எங்கள் பக்கத்து டென்னிஸ் பால் டோர்னமென்ட்களுக்கு நான்தான் ஸ்கோரர். கமிட்டி கேட்கும் ஸ்கோர் ஷீட் ஒன்று, எனக்கென்று ஒரு கோடு போட்ட நோட்டு ஒன்று. அந்த நோட்டில் ஒவ்வொரு பேட்ஸ்மேனுக்கும் ஒரு பக்கம். யார் பந்தில் எத்தனை ரன், யார் பந்தில் அவுட் என்று தனித்தனியாகப் பிரித்து எழுதுவேன். அண்ணன் ஓப்பனர். கிருஷ்ணகிரி டேம் ரோட்டிலிருந்து பாலக்கோடு வரைக்கும் அவர் பெயர் தெரியும். அவர் பக்கத்தில் எல்லா பவுலர்களுக்கு எதிரேயும் ரன் குவிந்து கிடக்கும், ஒருவரைத் தவிர. காவேரிப்பட்டினத்து இடது கை பவுலர் ஒருவர். 17 மேட்ச், 61 பந்து, 38 ரன், 11 முறை அவுட்.

அந்த பவுலர் மற்றவர்களிடம் சுமாராகத்தான் போடுவார். அண்ணன் வந்துவிட்டால் போதும், வேறு ஆள் ஆகிவிடுவார். இது ஏன் என்று எனக்குப் பல வருஷம் புரியவில்லை. பெரிய பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா என்று தேடினேன். முதலில் கிரிக்கெட்டில் தேடினேன். சச்சின் என்றால் எல்லோருக்கும் வார்னே ஞாபகம் வரும், ஆனால் டெஸ்டில் வார்னே அவரை எடுத்தது 3 முறைதான். ஜேம்ஸ் ஆண்டர்சன் 9 முறை. அப்படித் தேடிக்கொண்டே போனபோது பேஸ்பால் வந்து மாட்டியது. கேட்கும் கேள்விக்கு அந்த விளையாட்டு மாதிரி வேறெதுவும் பதில் சொல்லாது. 60 அடி 6 அங்குல தூரத்தில் மேட்டின் மேல் ஒருவர் பந்தோடு நிற்கிறார், எதிரே ஒருவர் மட்டையோடு நிற்கிறார். மறுமுனையில் பார்ட்னர் கிடையாது, ஒரு ரன் எடுத்துத் தப்பித்து ஓட முடியாது. அந்த இருவருக்கும் நடந்தது என்ன என்பது அப்படியே குறிப்பில் ஏறிவிடும். 1989-ல் டேவிட் ஸ்மித் என்கிற உயிரியல் பேராசிரியர் ரெட்ரோஷீட் என்ற அமைப்பைத் தொடங்கி, பழைய ஸ்கோர் நோட்டுகளை எல்லாம் ஊர் ஊராகத் தேடி வாங்கிக் கணினியில் ஏற்ற ஆரம்பித்தார். அவரோடு சேர்ந்தவர்கள் சம்பளமில்லாமல் செய்த வேலை அது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் நோட்டு மாதிரி ஆயிரக்கணக்கான நோட்டுகள் அங்கே ஒரு இடத்தில் சேர்ந்திருக்கின்றன!

சரி, அந்தக் கணக்குகளில் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது டோனி க்வின்னும் கிரெக் மேடக்ஸும்.

மேடக்ஸ் 355 ஆட்டங்கள் வென்ற பிட்சர், அதாவது பந்து எறிபவர். 1992 முதல் 1995 வரை தொடர்ந்து நான்கு வருஷம் சை யங் விருது, அதாவது லீக்கின் சிறந்த பிட்சர் அவர்தான். 3,371 முறை ஸ்டிரைக் அவுட் எடுத்தவர். ஸ்டிரைக் என்றால் ஹிட்டர் தவறவிட்ட பந்து, மூன்று ஆனால் அவுட். க்வின் ஹிட்டர், அதாவது மட்டையோடு நிற்பவர். 20 வருஷமும் சான் டியாகோ பாட்ரேஸ் அணிக்கு மட்டுமே ஆடியவர், மொத்தச் சராசரி .338. பேஸ்பாலில் பத்து முறைக்கு மூன்று முறை சரியாக அடித்தாலே நல்ல ஆட்டக்காரர், அதை வைத்து .338 எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இருவரும் நேருக்கு நேர் நின்றது 107 முறை. நான்கு தவறான பந்துக்கு இலவசமாக முதல் பேஸுக்கு, அதாவது ஓடிச் சேரும் முதல் இடத்துக்கு, போகும் வாக் போன்றவற்றைக் கழித்தால் 94. அதில் க்வின் 39 ஹிட் அடித்தார், அதாவது அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸுக்குப் போய்ச் சேர்ந்தார். சராசரி .415. ஸ்டிரைக் அவுட் எத்தனை? ஒன்றுகூட இல்லை. 107 முறை நின்று, மேடக்ஸால் ஒருமுறைகூட அவரை மூன்று ஸ்டிரைக்கில் அனுப்ப முடியவில்லை. பெட்ரோ மார்ட்டினெஸும் க்வின்னை ஸ்டிரைக் அவுட் ஆக்கியதே இல்லை.

மேடக்ஸ் வேகப் பந்துக்காரர் இல்லை. அவர் ஆயுதம் வேக மாற்றம். ஒரு பத்திரிகையாளரிடம் அவர் அதை விளக்கிய விதம் பிரபலமானது. தூரத்தில் ஒரு சாலையைக் காட்டி, அதில் போகும் கார் 55 மைலில் போகிறதா, 65-ஆ, 75-ஆ என்று மனிதக் கண்ணால் சொல்ல முடியாது, பக்கத்தில் இன்னொரு வண்டி இருந்தால்தான் தெரியும் என்றார். பிட்சரின் பந்தும் அப்படித்தான், வேகத்தை மாற்றத் தெரிந்தவனுக்கு எதிரே எந்த ஹிட்டரும் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அப்புறம், டோனி க்வின்னைத் தவிர என்று ஒரு கெட்ட வார்த்தையோடு முடித்தார்.

என் கேபினில் இருந்து பார்த்தால் நெடுஞ்சாலை தெரியும். இதைப் படித்த பிறகு நான் சும்மா இருப்பேனா? ஒரு விடியற்காலையில் கூட வேலை செய்யும் தம்பியிடம் பைக் கொடுத்து, 50, 60, 70 என்று அவன் இஷ்டத்துக்கு வேகத்தை மாற்றி அந்தப் பக்கம் போய் வரச் சொன்னேன். வேகத்தை அவன் குறித்துக்கொள்ள வேண்டும், நான் பார்த்து ஊகித்து எழுத வேண்டும். இருபது முறை. எனக்குச் சரியாக வந்தது 8. அதிலும் ஐந்து, பக்கத்தில் ஏதாவது லாரி போய்க்கொண்டிருந்தபோது. மேடக்ஸ் சொன்னது அப்படியே சரி. தினமும் வண்டிகளையே பார்த்துக்கொண்டிருக்கும் என் கண்ணுக்கே தெரியவில்லை. பந்து கையை விட்டு வந்து சேர அரை நொடிகூட ஆகாத இடத்தில் க்வின் எப்படி அதைக் கண்டுபிடித்தார்?

அவர் உழைப்பு அதற்கு ஒரு பதில். 1983-ல் அடி சரியாக விழாமல் தவித்தபோது, வெளியூர் ஆட்டங்களை மனைவியிடம் சொல்லி வீட்டில் வீடியோ டேப்பில் பதியச் சொன்னார். ஊர் திரும்பியதும் தன் ஆட்டத்தைத் தானே பார்த்துத் திருத்திக்கொண்டார். அப்போது அப்படிச் செய்தவர்கள் மிகக் குறைவு. ஓய்வு பெறும் வரை அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை. சிறிய, லேசான மட்டை வைத்திருப்பார். பந்தை மைதானத்துக்கு வெளியே தூக்கி அடிக்கும் ஹோம் ரன்னுக்குப் போகாமல், மூன்றாவது பேஸுக்கும் ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் பந்தைத் தள்ளுவதையே ஒரு கலையாக வைத்திருந்தார். பந்து வந்து சேரும் வரை காத்திருந்து அடிப்பவரை வேக மாற்றத்தால் ஏமாற்றுவது கஷ்டம். இது என் ஊகம்தான், ஆனால் அவர் அடித்த வீடியோக்களைப் பார்த்த பிறகு எனக்கு இதில் சந்தேகம் இல்லை.

மற்றவர்கள் கணக்கு எல்லாம் இப்படி ஒரே பக்கம் சாயாது. ஹாங்க் ஆரோனை எடுத்துக்கொள்ளுங்கள், 755 ஹோம் ரன் அடித்தவர். சாண்டி கோஃபேக்ஸ் பந்தில் அவர் சராசரி .362, ஏழு ஹோம் ரன். டான் டிரைஸ்டேல் பந்தில் மட்டும் 17 ஹோம் ரன். அதே ஆரோன் பாப் கிப்சன் எதிரே .215-க்கு இறங்கிவிடுகிறார், ஆனால் அங்கேயும் எட்டு ஹோம் ரன் இருக்கிறது. வில்லி மேஸுக்குக் கிப்சன் இன்னும் மோசம், .196. 1968-ல் கிப்சனின் இ.ஆர்.ஏ. 1.12. அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்தது ஒரு ரன்னுக்குச் சற்று மேல். அந்த வருஷம் பிட்சர்கள் மொத்தமாக ஆதிக்கம் செலுத்தியதால், அடுத்த வருஷமே பிட்சர் நிற்கும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள்.

ஆரோன், கோஃபேக்ஸ் கணக்கைப் பார்க்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. கோஃபேக்ஸ் முதல் ஆறு வருஷம் கட்டுப்பாடில்லாத பிட்சர், 36 வெற்றி, 40 தோல்வி. 1961-க்குப் பிறகு வந்தவர்தான் எல்லோரும் பயந்த கோஃபேக்ஸ். ஆரோன் இரண்டு கோஃபேக்ஸையும் சந்தித்தார், கணக்கு மட்டும் ஒன்றாகிவிட்டது. லோடோடு போட்ட எடையை மட்டும் பார்த்தால் எவ்வளவு மாம்பழம் என்று தெரியுமா? காலி வண்டியையும் எடை போட்டால்தானே தெரியும். மொத்தச் சராசரி எனக்கு அந்த முதல் எடை மாதிரிதான். எந்தப் பிட்சர், எந்த வயதில், எந்த வருஷம் என்று பிரித்துக் கழித்தால்தான் ஆள் தெரிவார்.

மேஸுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1951-ல் இருபது வயதில் பெரிய லீக்குக்கு வந்தார். முதல் 12 முறை ஒரு ஹிட்கூட இல்லை. முதல் ஹிட்டே வாரன் ஸ்பானின் பந்தில் அடித்த ஹோம் ரன். ஸ்பான் பின்னாளில் 363 வெற்றியோடு முடித்தவர். மேஸ் அவர் பந்தில் மொத்தம் 18 ஹோம் ரன் அடித்தார். வேறு எந்தப் பிட்சரிடமும் அவர் அவ்வளவு அடிக்கவில்லை.

மைக் ஷ்மிட் கணக்கு என்னை மிகவும் பாதித்தது. 548 ஹோம் ரன் அடித்தவர். டாம் சீவர் எதிரே 85 முறைக்கு 16 ஹிட், .188. ஸ்டிரைக் அவுட் 35. படித்ததும் அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அவரைப் பெரிய ஆளுன்னுதானடா சொல்றாங்க இன்னிக்கும்?" என்றார். ஆமாண்ணே, ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார் என்றேன்.

குறைந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு பெரிதாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எட்கர் மார்ட்டினெஸ் லீக் ஆட்டங்களில் மரியானோ ரிவேராவை 19 முறைக்கு 11 முறை அடித்தார். ரிவேரா 652 சேவ் எடுத்தவர், அதாவது கடைசியில் வந்து அணியின் முன்னிலையைக் காப்பாற்றியவர், எட்கர் தனக்குக் கஷ்டமான ஆள் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் 19 என்பது 19-தான். க்வின்னின் 107-ஐ அதோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன். பெரிய பிட்சர்தான் பெரிய ஹிட்டரை மடக்க வேண்டும் என்றும் இல்லை. ஹப் ப்ரூயெட் என்று ஒரு இடது கைக்காரர், மொத்தமே 29 வெற்றி, 48 தோல்வி. பேப் ரூத்துக்கு அவர் பந்து பிடிபடவே இல்லை, திரும்பத் திரும்ப ஸ்டிரைக் அவுட் ஆனார். ப்ரூயெட் பிறகு டாக்டர் ஆனார். இடது கை என்று படித்ததும் எனக்கு யார் ஞாபகம் வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

போன சீசனில் அவரே வந்தார். ஆறு டன் பெங்களூரா, சொந்தத் தோப்புக் காய், வண்டியும் அவரே ஓட்டிக்கொண்டு. எடை போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் முகம் பார்த்தேன்.

"அண்ணா, என்னைத் தெரியுதா? ஸ்கோர் எழுதுவேனே."

"ஓப்பனர் தம்பிதான நீ? அண்ணன் எப்படி இருக்காரு?"

லோடு இறக்க ஒரு மணி நேரம் ஆனது. டீ வாங்கிக் கொடுத்து, போனில் இருந்த நோட்டுப் பக்கத்தின் போட்டோவைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். அப்படி என்னதான் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணுமே இல்ல தம்பி. உங்க அண்ணன் பந்து வர்றதுக்கு முன்னாடியே முன்கால் எடுத்து வெச்சிடுவாரு. நான் ஓடி வர்றது, கை சுத்துறது எல்லாம் அதே வேகம். பந்தை மட்டும் விரல்ல பிடிச்சு லேட்டா விடுவேன். அவர் மட்டை சுத்தி முடிச்ச பிறகு பந்து வந்து சேரும்."

மேடக்ஸ் சாலையைக் காட்டிச் சொன்னதையேதான் இவர் தன் பாஷையில் சொல்கிறார். நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் போட்டோவில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

"இது மட்டும் தப்பு. பதினொண்ணு இல்ல, பத்துதான். பர்கூர் மேட்ச்ல அது கேட்ச் இல்ல, தரையில பட்டுதான் வந்துச்சு. அம்பயர் கை தூக்கிட்டாரு, நானும் பேசாம இருந்துட்டேன்."

காலி வண்டியை எடை போட்டுச் சீட்டு கொடுத்து அனுப்பினேன். காலையில் வீட்டுக்குப் போனதும் பரணிலிருந்து நோட்டை எடுத்து, 11-ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் 10 என்று எழுதி, தேதியும் போட்டேன். அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"பர்கூர் மேட்ச்தானே?" என்றார். "எனக்கு அப்பவே தெரியும்டா."