கைத்துப்பாக்கிக்கு முன் பத்து நாள்

பிள்ளையை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பிய கோலாலம்பூர்ப் பெற்றோர் அடிக்கடி கேட்பது: "அங்கே துப்பாக்கி கேட்ட அன்றே கிடைக்குமாமே?" மாநிலத்தைப் பொறுத்தது. சில மாநிலங்களில் 'காத்திருப்புக் காலம்' என்று ஒரு விதி உண்டு.

நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி முதலில் போலீஸ் உரிமம், பிறகுதான் துப்பாக்கி. அதனால் காத்திருப்புக் காலம் என்றதும் உரிமத்துக்கு இழுக்கும் நாளையே நினைக்கிறோம். அது வேறு. பணம் கட்டி, பின்னணிச் சோதனையில் (குற்றப் பதிவு போன்றவை உண்டா என்று பார்ப்பது) தேறினாலும் குறித்த நாள் கழியாமல் கடைக்காரர் கொடுக்கக் கூடாது என்பதுதான் இந்த விதி.

கலிபோர்னியாவில் 10 நாள், அதுவும் முழுசாகப் பத்து 24 மணி நேரம். திங்கள் மாலை 4.15க்கு விண்ணப்பம் கணினியில் போனால், மறுவாரம் வியாழன் மாலை 4.15க்கு முன் கை மாறாது. விண்ணப்பித்த 30 நாளுக்குள் எடுக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. புளோரிடாவில் 3 நாள், சனி ஞாயிறு சேராது. பல மாநிலங்களில் ஒரு நாளும் இல்லை.

மத்தியச் சட்டத்திலும் கைத்துப்பாக்கிக்கு 5 நாள் விதி இருந்ததுண்டு. பின்னணிச் சோதனையைக் கட்டாயமாக்கிய பிரேடி சட்டத்தால் 1994இல் வந்தது, 1998 நவம்பரில் கணினிவழி உடனடிச் சோதனை வந்ததும் போனது. இதில்தான் பெரிய ஓட்டை. சோதனை முடிவு 3 வேலை நாளில் வராவிட்டால் மத்தியச் சட்டப்படி விற்கலாம். 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 9 பேரைச் சுட்டுக் கொன்றவனுக்குத் துப்பாக்கி இப்படித்தான் கிடைத்தது. அந்த 3 நாள் அதிகாரிகளுக்கான கெடு. வாங்குபவரின் மனம் ஆறுவதற்கான அவகாசம் அல்ல. செய்திகளிலேயே இரண்டையும் ஒன்றாக எழுதிவிடுகிறார்கள்.

மனம் ஆறுவது சின்ன விஷயமில்லை. சாக வேண்டும் என்ற வேகம் பலருக்குச் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். துப்பாக்கி கையில் இருந்தால் அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தற்கொலைக்கு முயன்று பிழைத்துக்கொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னாளில் தற்கொலையால் சாவதில்லை. கோபத்துக்கும் இது பொருந்தும்: காத்திருப்பு விதி துப்பாக்கிக் கொலைகளை ஏறக்குறைய 17 சதவீதம் குறைத்ததாக 2017இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். களைக்கு அடித்த பாராகுவாட் மருந்தை மலேசியா 2020இல் முற்றாகத் தடை செய்தது; ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் இருந்தால் அந்த வேகம் தணிய நேரம் கிடைக்கும் என்ற நியாயம் அதற்கும் பொருந்தும்.

ஏற்கெனவே துப்பாக்கி இருக்கும் வீட்டில் இந்த விதியால் பயனில்லை. உங்கள் பிள்ளை தங்கும் வீட்டில் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இருந்தால் தோட்டா வேறு பெட்டியில், பூட்டி, சாவி வேறொருவரிடம். யாராவது மனமுடைந்து இருந்தால் துப்பாக்கியே அந்த வீட்டில் இருக்க வேண்டாம். தற்கொலை எண்ணம் வந்தால் அங்கிருந்து அழைக்க வேண்டிய உதவி எண் 988, இரவு பகல் எந்நேரமும்.