வெயிலுக்கு மட்டும் ஏன் பழி?

வெளியில் நிற்கும் எஃகுக் கட்டமைப்பின் பெயின்ட் கெட்டுப்போனால் எல்லாரும் வெயிலைத்தான் திட்டுகிறார்கள். பூச்சுகளை ஆய்வு செய்வதே பிழைப்பான எனக்கு வெயில்மேல் அத்தனை கோபம் இல்லை. அது செய்யும் கேடு கண்ணுக்குத் தெரியும்: நிறம் மங்கும், பளபளப்பு போகும், தடவினால் கையில் வெள்ளைத் தூள் ஒட்டும். பெயின்ட்டில் நிறமிகளைப் பிடித்துவைக்கும் பிசினின் பிணைப்புகளைப் புற ஊதாக் கதிர் அறுக்க, பிடிமானம் இழந்த நிறமிகள் தூளாக மேலே வருகின்றன. உலோகத்தை இறுகப் பற்றுவதில் கெட்டிக்காரனான எபாக்ஸி வகைப் பெயின்ட்தான் இதில் முதலில் தோற்கும். அதற்காகவே அதன்மேல் வெயில் தாங்கும் அலிஃபாட்டிக் பாலியூரிதேன் பெயின்ட் அடிக்கிறோம். ஆனாலும் தூளாவது மேல்தோல் மட்டும்தான். வெளிறிய எபாக்ஸி அடியில் துருவை நெடுநாள் தடுத்துக்கொண்டிருக்கும்.

எனக்குப் பயம் பனியிடம். மேகமற்ற இரவில் எஃகு தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனித்துளியாகப் படியும். பிறகு விடியும்வரை ஈரம்தான். மழையாவது மேலே படிந்த உப்பைக் கழுவிக்கொண்டு போகும்; பனி அதை அங்கேயே கரைத்து வைக்கும். நீரை முழுவதுமாகத் தடுக்கும் பெயின்ட் கிடையாது. அடிப்பதற்கு முன் கழுவாமல் விட்ட உப்பு பூச்சுக்கு அடியில் இருந்தால், சவ்வூடு பரவலால் நீரை உள்ளே இழுத்துக் கொப்புளம் கிளப்பும். அதனால் ஆய்வுக்குப் போனால் வெயில் படாத, ஈரம் காயாத அடிப்பக்கத்தைத்தான் முதலில் குனிந்து பார்ப்பேன். அடுத்து விளிம்புகளும் போல்ட்டுகளும். கூரான விளிம்பிலிருந்து ஈரப் பெயின்ட் பின்வாங்கி மெலிந்துவிடும். அங்கே பிரஷ்ஷால் தனியாக ஒரு பூச்சு கொடுக்க வேண்டும். அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் அதுதான்.

‘உப்புப் புகைச் சோதனையில் 1000 மணி நேரம் தாங்கியதே, வெளியில் எத்தனை வருடம் வரும்?’ என்று கேட்கிறார்கள். 35 டிகிரி செல்சியஸில் 5 சதவீத உப்பு நீரை ஓயாமல் தூவும் பெட்டி அது. உள்ளே வெயிலும் இல்லை, காய்வதற்கு இடைவெளியும் இல்லை. வெளியில் நனைந்து காயும்போது துத்தநாகத்தின்மேல் உருவாகும் கார்பனேட் கவசம் அங்கே சரியாக உருவாவதே இல்லை. நல்ல துத்தநாகப் பூச்சும் அங்கே மோசமாகத் தெரியும். 60 டிகிரியில் 8 மணி நேரப் புற ஊதா, 50 டிகிரியில் 4 மணி நேர ஈரம் என்று மாறி மாறிச் சுழலும் சோதனை கொஞ்சம் பரவாயில்லை. அமெரிக்காவில் ஈரத்துக்கு ஃப்ளோரிடா, வறண்ட வெயிலுக்கு அரிசோனா என்று திறந்தவெளியில் தகடுகளைச் சாய்த்து வருடக்கணக்கில் வைப்பார்கள். அதற்குக் காத்திருக்க வாடிக்கையாளருக்குப் பொறுமை ஏது? ஆகவே அந்தக் கேள்வி வந்தால், அதே பெயின்ட் அடித்துப் பழசான கட்டமைப்பு எங்கே நிற்கிறது என்று திருப்பிக் கேட்கிறேன்.