வள்ளம் போன வழியில் சைக்கிள்

வெளிநாட்டில் இருக்கும் என் சித்தப்பா மகன் வாட்ஸப்பில் படம் அனுப்பிக்கொண்டே இருப்பான். தண்டவாளத்தைப் பிடுங்கிய பழைய ரயில் பாதை, பக்கத்திலேயே ஆறு, அந்தப் பாதையில் இவன் சைக்கிள். போன மாதம் ஒரு கேள்வியும் சேர்ந்து வந்தது: "நம்மூர்ல இப்படி ஒண்ணு உண்டுமா?"

எங்கே உண்டு? குமரி மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979-இல்தான். வந்த ரயில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதற்கும் முன்னால் சரக்கு போன வழி ஒன்று இங்கே கிடக்கிறது, கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளி, கரையை ஒட்டியே. ஏவிஎம் சானல். சென்னைக்காரர்களுக்கு ஏவிஎம் என்றால் ஸ்டுடியோ, எங்களுக்குக் கால்வாய். அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் என்பது முழுப்பெயர். அனந்தன் என்றால் பத்மநாப சுவாமி, விக்டோரியா அந்த மகாராணி, மார்த்தாண்டம் அன்றைய திருவிதாங்கூர் மன்னர் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா. சாமி, லண்டன், அரண்மனை மூன்றையும் ஒரே பெயரில் திருப்திப்படுத்தியிருக்கிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை வள்ளத்திலேயே போய்விடலாம் என்று திட்டம் போட்டு 1860-இல் தொடங்கினார்கள். மன்னர் அந்த வருடமே இறந்துபோனார். கால்வாய் மண்டைக்காட்டைத் தாண்டவில்லை.

அந்த மண்டைக்காட்டிலிருந்துதான் நாங்களும் கிளம்பினோம். நானும் என் கூட்டுக்காரனும். என்னிடம் கியர் சைக்கிள். அவனிடம் மகளுக்குப் பள்ளியில் கிடைத்த இலவச சைக்கிள், முன்னால் கூடை வைத்தது. கடைசியில் எது ஜெயித்தது என்று பிறகு சொல்கிறேன்.

விடிந்தும் விடியாத நேரம். பகவதி கோயில் பக்கம் சாயாக் கடையில் வழி கேட்டோம். "ஏவிஎம்மா? அதுல எங்க போவப் போறீங்க?" என்று சிரித்தார் கடைக்காரர். சிரிப்பின் அர்த்தம் பத்து நிமிடத்தில் புரிந்தது. சானல் இருக்கிறது, சரி. ஆனால் கொஞ்ச தூரம் தண்ணீர், அப்புறம் ஒரு மதில், அப்புறம் தென்னந்தோப்பு, மறுபடியும் ஒரு குட்டை. கரைப்பாதை ஒரு வீட்டு முற்றத்தில் போய் முடிந்தது. துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்கா எங்களைக் கோபிக்கவில்லை, கொடியைத் தூக்கிப் பிடித்து வழிவிட்டார்.

கொட்டில்பாடு வந்ததும் இருவரும் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தோம். யாரும் சொல்லவில்லை, கால் தானாக இறங்கிவிட்டது. 2004 டிசம்பர் 26 அன்று இந்த ஒரு கிராமத்தில் மட்டும் 199 பேர் போனார்கள். கடல் துரத்தியபோது ஜனங்கள் ஓடியது உள்பக்கமாக. உள்பக்கத்தில் குறுக்கே கிடந்தது இந்தச் சானல். குளச்சல் பக்கம் பலரைத் தண்ணீர் பிடித்தது இதற்குள்தான். வள்ளம் போக வெட்டிய பள்ளம் ஒரு காலையில் வேறொன்றாக ஆகிவிட்டது. கூட்டுக்காரனின் பெரியம்மா வீடு இங்கேதான் இருந்தது. அவன் அந்த இடத்தைக் கையால் காட்டவில்லை, பார்வையால் காட்டினான்.

குளச்சலில் நிற்கவில்லை. 1741-இல் டச்சுக்காரரைத் தோற்கடித்த வெற்றித் தூணுக்குத் தூரத்திலிருந்தே ஒரு வணக்கம். குறும்பனை, மிடாலம், இனயம் எல்லாம் தார்ச்சாலைதான். வெயில் ஏறிவிட்டது, சொல்ல ஒன்றுமில்லை.

தேங்காய்ப்பட்டணத்தில் ஆறு வந்தது. கோதையாறும் பறளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறை வழியாக இறங்கி, இங்கே கடலில் விழுகிறது. புத்தகத்தில் இதுவும் தாமிரபரணி (நெல்லையில் ஓடுவது வேறு), குழித்துறைக்காரர்களுக்குக் குழித்துறையாறு. காயல் ஓரமாக ஒரு வாடை மூக்கைப் பிடித்தது. வெளியூர்க்காரர்கள் சாக்கடை என்பார்கள். அது கதம்பை அழுகும் வாடை. கதம்பை என்றால் தேங்காய் மட்டை. அதை மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, அடித்து நார் எடுப்பார்கள். எனக்கு அது ஆச்சி வீட்டு வாடை.

கரையில் உட்கார்ந்திருந்த பாட்டா ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"இதுல வள்ளம் போனதைப் பாத்திருக்கியளா பாட்டா?"

"பாக்காம என்ன மக்களே? எங்கப்பன் கதம்பை ஏத்திட்டுப் போவாரு. ரெண்டு ஆளு கம்பை ஊணித் தள்ளணும். நாங்க பிள்ளைய கரையில கூடவே ஓடுவோம்."

"பிறகு ஏன் நின்னுபோச்சு?"

"லாரி வந்துட்டுல்லா."

அவ்வளவுதான் பதில். நான் படித்துவைத்திருந்த காரணங்களையெல்லாம் மடித்து வைத்துக்கொண்டேன். வள்ளத்துக்கு இணையாகப் பிள்ளைகள் ஓடிய அந்தக் கரைதான் நான் தேடி வந்த பாதை. ஐந்தடி அகலத்துக்கு அதை மட்டும் மீட்டுக் கொடுத்தால் போதும், படகுகூட வேண்டாம் என்று தோன்றியது.

மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும். இரண்டாவது தட்டு வாங்கியது நான்தான், ஒப்புக்கொள்கிறேன்.

பாலம் ஏறி, ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இரையுமன்துறைக்கு இறங்கினோம். இங்கிருந்து பூவாறு வரைக்குமான சானல் சாதாரணமானது அல்ல. 2016-ஆம் வருடச் சட்டப்படி இது தேசிய நீர்வழி எண் 13, நீளம் 11 கிலோமீட்டர். அந்தத் தேசிய நீர்வழியில் ஒரு நீர்க்கோழி நடந்து போய்க்கொண்டிருந்தது. நீந்தவில்லை, நடந்தது. ஆகாயத்தாமரை அவ்வளவு கனமாக மூடியிருந்தது. படம் எடுத்துக்கொண்டேன்.

பூத்துறை தாண்டி என் கியர் சைக்கிள் பஞ்சர். கரையில் யாரோ உடைத்துப்போட்ட பாட்டில். கூடை வைத்த சைக்கிள் மணி அடித்துக்கொண்டு முன்னால் போனது. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை என்று ஊர் ஊராகத் தள்ளினேன். இடையில் நல்ல கரையும் வந்தது: இரண்டு பக்கமும் தென்னை, நிழல் தண்ணீரில் விழுந்து ஆட, பையன்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பஞ்சரானதால்தான் அந்த இடத்தை நிதானமாகப் பார்த்தேன் என்று கூட்டுக்காரனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை.

நீரோடியில் தமிழ்நாடு முடிகிறது. சானலுக்கு அது தெரியாது, தன் பாட்டுக்குக் கேரளத்துப் பொழியூர் பக்கம் போகிறது. நாங்கள் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். சித்தப்பா மகனுக்கு நீர்க்கோழிப் படத்தை அனுப்பினேன். "நம்மூர்லயும் உண்டு. ரயிலுக்குப் பதிலாத் தண்ணி."

உடனே பதில் வந்தது.

"தண்ணி எங்க டே?"