குடைக்கு 20க்கு 7

ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்த நாளிலிருந்தே சிவப்புப் பேனா மேல் எனக்கு ஒரு கண். இத்தனை வருடம் நோட்டை நீட்டிக்கொண்டு பயந்து நின்றவள், இனி மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறேன். சும்மாவா?

அதனால்தான், படைப்பெழுத்து கற்பிக்க ஒரு செயல்திட்டம் தயாரித்து வரச் சொன்னதும், முதல் வேலையாக மதிப்பெண் அட்டவணை போட்டேன். தொடக்கம் 4, நடை 4, கற்பனை 4, பிழையின்மை 4, முடிவு 4. ஆக மொத்தம் 20. ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டி, இரண்டு நிறத்தில் அடிக்கோடு. தலைப்பு, நம் எல்லோரையும் ஒரு தடவையாவது படுத்தியெடுத்த அதே 'குடையின் சுயசரிதை'.

விரிவுரையாளர் அட்டவணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கட்டம் நல்லாருக்கும்மா. கதை எங்க?"

"கதை பிள்ளைங்க எழுதுவாங்க மேடம்."

"முதல்ல நீ எழுதிட்டு வா."

கூடவே ஒரு கதையும் சொன்னார். 1974இல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஜேம்ஸ் கிரே என்பவர் ஆசிரியர்களுக்காக ஒரு திட்டம் ஆரம்பித்தாராம். எழுத்தைச் சொல்லிக்கொடுப்பவர் தானும் எழுத வேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்த மனிதர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்திருந்தால் எனக்கு ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

சரி, குடைதானே! அன்று இரவே உட்கார்ந்தேன். 'நான் ஒரு குடை. ஒரு தொழிற்சாலையில் பிறந்தேன். மழையிலும் வெயிலிலும் மனிதர்களைக் காப்பேன்.' மூன்றே வாக்கியத்தில் குடையின் ஆயுள் முடிந்துவிட்டது. இனி அதற்கு என்ன ஆகும்? கிழியலாம். கிழித்தேன். நாலு வாக்கியம் ஆனது.

அடுத்த நாள் மேசையைத் துடைத்தேன். பேனாவில்தான் எழுதப் போகிறேன் என்றாலும் இரண்டு பென்சிலைச் சீவினேன். அப்புறம் மோட்டுவளையைப் பார்த்தபடி படுத்துவிட்டேன். என் அறை மின்விசிறியின் மூன்று இறக்கைகளில் ஒன்றில் மட்டும் தூசு தடிமனாகப் படிந்திருப்பதைக் கண்டுபிடித்தது அன்றைக்குத்தான். ஏன் ஒன்றில் மட்டும்? முக்கால் மணி நேரம் அதைத்தான் யோசித்தேன். குடை அப்படியே கிழிந்து கிடந்தது.

மூன்றாம் நாள் பாடக்குறிப்பில் ஒரு வழி கிடைத்தது. பீட்டர் எல்போ என்ற பேராசிரியர் 1970களில் பரப்பிய முறை. பத்து நிமிடம் பேனாவை எடுக்காமல் எழுத வேண்டும். அடிக்கக்கூடாது, திருத்தக்கூடாது, மேலே எழுதியதைத் திரும்பிப் பார்க்கவும் கூடாது. ஒன்றும் தோன்றாவிட்டால், ஒன்றும் தோன்றவில்லை என்பதையே எழுதிக்கொண்டு போகலாம். நமக்கென்றே செய்த முறை!

'எழுத ஒன்றும் தோன்றவில்லை' என்று 11 தடவை எழுதினேன். ஏழாவது தடவை ஒரு 'ன்' காணாமல் போயிருந்தது. ஒன்பதாவதில் கை வலி. பன்னிரண்டாவதாக அதையே எழுதப் போன கை வேறொன்றை எழுதியது: 'அவள் இறங்கிப் போய் மூன்று நிறுத்தம் ஆகிவிட்டது, இன்னும் என்னைத் தேடி வரவில்லை.'

யாருடைய கையெழுத்து என்று குனிந்து பார்த்தேன். என்னுடையதுதான். (நிறுத்தக்கூடாது என்பது விதி. மீறிவிட்டேன்.)

அதற்குப் பிறகு, பேருந்து இருக்கைக்கு அடியில் கிடக்கும் குடையோடு இரண்டு பக்கம் ஓடியது. யார் யாரோ ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். குடைக்குத் தெரிவதெல்லாம் செருப்புகள் மட்டும். கதை முழுக்க ஒரு சொட்டு மழை இல்லை. இந்தப் பேனாவிலிருந்து இப்படி ஒன்று வரும் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்கே பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையில்தான் அட்டவணையை எடுத்தேன். தொடக்கம்: 'பொருளைத் தெளிவாக அறிமுகப்படுத்துதல்' என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். 'குடை' என்ற சொல்லே மூன்றாவது பத்தியில்தான் வருகிறது. 1. நடைக்கு 2. கற்பனைக்கும் 2, ஏனென்றால் 3 போடுவதற்கு என்ன இருக்க வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. பிழையின்மை: 'குடை கம்பி' என்று எழுதியிருந்தேன், நடுவில் 'க்' இல்லை. தமிழாசிரியை ஆகப் போகிறவள்! அதற்கு 2. முடிவு: குடை இன்னும் இருக்கைக்கு அடியில்தான் கிடக்கிறது. 0.

20க்கு 7. சிவப்புப் பேனாவை மூடி பைக்குள் போட்டேன்.

தோழிகள் மூன்று பேரிடம் படிக்கக் கொடுத்தேன். மூவரும் "நல்லாருக்குப்பா" என்றார்கள். இரண்டு பக்கத்தை அரை நிமிடத்தில் படித்து முடித்தவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? எத்தனை நோட்டில் 'நன்று' என்று கிறுக்கலாம் என்று நானும் கணக்குப் போட்டு வைத்திருந்தவள்தான். அதனால் கோபப்படவும் வழியில்லை.

விரிவுரையாளர் மதிப்பெண்ணே போடவில்லை. பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி: 'கைப்பிடியில் அவள் கைச்சூடு எவ்வளவு நேரம் இருந்தது?' படித்ததும் எரிச்சல்தான் வந்தது. குடையிடம் போய் யாராவது இப்படிக் கேட்பார்களா? ஆனால் அன்று இரவு அந்தக் கேள்விக்கு மட்டும் இன்னொரு பக்கம் எழுதினேன், பென்சில் எதையும் சீவாமல்.

அடுத்த வாரம் பயிற்சி வகுப்பு. எனக்குக் கிடைத்தது 40 நிமிடம். கட்டம் போட்ட தாளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். காணாமல் போன ஏதாவது ஒரு பொருள் பேசுவதாக எழுதச் சொன்னேன். எடுத்த எடுப்பிலேயே "எத்தனை வரி மிஸ்?" என்று கேட்டாள் ஒருத்தி. 'முதலில் நீ எழுதும்மா' என்று சொல்ல வாய் வந்தது. மேடம் குரலிலேயே வந்ததால் விழுங்கிவிட்டேன்.

கடைசி பெஞ்சில் ஒருவன் கால் மணி நேரமாக எதுவும் எழுதாமல் அண்ணாந்தே உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போனேன். 'என்னடா மோட்டுவளையைப் பாத்துட்டு இருக்க?' தொண்டை வரை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு, அவன் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன்.

"நீங்க எதப் பாக்குறீங்க மிஸ்?" என்றான்.

அந்த மின்விசிறியில் மூன்று இறக்கையிலும் தூசு ஒரே அளவுதான்.