எஃப்1 அமத்துவதற்காக ஒரு பஸ் பயணம்

அம்மா விழுந்து தொடை எலும்பு முறிந்ததில், ஒக்ரோபர் கடைசியில் இருந்து சாவகச்சேரி வீட்டை விட்டு நான் அசைய முடியாது. வேலை யாழ்ப்பாணம் ரவுணில், ஒரு சின்னக் கணக்காய்வு அலுவலகத்தில். வருமான வரிப் படிவங்கள் நொவெம்பர் 30க்குள் போக வேண்டும். "வீட்டில இருந்தே செய் பிள்ளை, ரிமோட் டெஸ்க்ரொப் போட்டுத் தாறன்" என்றார் சேர். அலுவலக மெசினை வீட்டில் இருந்தே இயக்குகிற அந்த வழி ஒழுங்காக வேலை செய்ய இரண்டரைக் கிழமை எடுத்தது.

எங்கள் கணக்கு மென்பொருள் இருப்பது விண்டோஸ் 7 புரொபெஷனல் மெசினில். அதன் டொங்கிள் (மென்பொருள் ஓடச் செருக வேண்டிய சாவி) பழைய பிரிண்டர் போர்ட்டில்தான் செருகும், புது மெசின்களில் அந்தப் போர்ட் பெரும்பாலும் வருவதில்லை. ஆகவே "புதுசு வாங்குங்கோ" என்ற ஆலோசனை எங்களுக்கு உதவாது. (உங்களுடையது ஹோம் பதிப்பு என்றால் மினைக்கெட வேண்டாம். அதிலிருந்து வேறு மெசினுக்குள் போகலாம், அதற்குள் ஒருவரும் வர முடியாது. சேரின் மெசினோடு அரை நாள் மல்லுக்கட்டிய பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.)

ரவுணில் ஒரு கடையில் இருந்து வந்த தம்பி அரை மணித்தியாலத்தில் முடித்தார். பக்கத்து மேசையில் இருந்து இணைத்துப் பார்த்தோம், வேலை செய்தது. காசையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. போன் எடுத்தேன். "றவுட்டரில போர்ட் திறந்துதான் விட்டனான் அக்கா. உங்கட வீட்டு இன்ரநெற்தான் சரியில்லை."

வீட்டு இன்ரநெற்றில் ஒரு பிழையும் இல்லை. அலுவலகத்தில் இருப்பது சிம் போட்ட 4ஜி றவுட்டர். றவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தால் அதற்குக் கிடைத்திருந்த ஐபி முகவரி 10இல் தொடங்கியது. அதே இணைப்பில் பிரவுசரில் 'என் ஐபி என்ன' என்று தேடினால் வேறொரு முகவரி வந்தது. இரண்டும் ஒத்துவராவிட்டால், உங்கள் றவுட்டருக்கு முன்னால் இணைப்பு தரும் கொம்பனியின் கதவு ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். றவுட்டரில் 3389ஐ (ரிமோட் டெஸ்க்ரொப் உள்ளே வரும் வாசலின் எண்) எத்தனை தரம் திறந்தாலும் வெளியில் இருந்து ஒருவரும் வர முடியாது. 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கும் முகவரிக்கும் இதே நிலைதான். ஒரு நிமிடத்தில் பார்க்கக்கூடியதை அந்தத் தம்பி பார்க்கவில்லை.

அது திறபடாமல் போனது எங்கள் நல்ல காலம். மெசினின் ஃபயர்வோலை முழுதாக அணைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருந்தார். 2019 மே மாதம் புளூகீப் என்ற ஓட்டைக்கு மைக்ரோசொஃப்ட் திருத்தம் வெளியிட்டது. பாஸ்வேர்ட்டே இல்லாமல் ரிமோட் டெஸ்க்ரொப் வழியாக உள்ளே வரக்கூடிய ஓட்டை அது, கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக் கூடத் திருத்தம் கொடுத்தார்கள். எங்கள் மெசினில் அந்தத் திருத்தம் இல்லை. வாடிக்கையாளர்களின் கணக்கு முழுக்க அதற்குள் கிடந்தது. தயவுசெய்து 3389ஐ நேரே இணையத்துக்குத் திறக்காதீர்கள். யாராவது திறந்து தந்திருந்தால் இன்றைக்கே மூடுங்கள். மெசினில் கை வைக்கிற ஆளிடம் என்னென்ன மாற்றினீர்கள் என்று எழுதி வாங்குங்கள்.

முன் மேசையில் இருக்கும் விண்டோஸ் 11 புரோ மெசினிலும் வீட்டிலும் விபிஎன் போட்டேன். இரண்டு பக்கமும் உள்ளிருந்து வெளியே போய் இணைகிற வகை அது, ஆகவே கொம்பனியின் கதவு தடையில்லை. வீட்டில் இருந்து முதலில் அதற்குள் போய், அங்கிருந்து பழையதற்குள் போவது. முதல் கட்டம் உடனே சரிவந்தது. இரண்டாவதில் 'கிரெட்எஸ்எஸ்பி என்கிரிப்ஷன் ஒரக்கிள் ரெமெடியேஷன்' என்று ஒரு எரர். இதைக் கண்டால் பாஸ்வேர்ட்டை மாற்றி மாற்றி அடிக்க வேண்டாம். 2018 மார்ச்சில் வெளிவந்த ஒரு ஓட்டையை அடைத்த பிறகு, அதே ஆண்டு மே மாத அப்டேட்டில் இருந்து, திருத்தம் ஏறிய மெசின் திருத்தம் ஏறாத மெசினோடு பேச மறுக்கும். "குரூப் பொலிசியில வல்னரபிள் எண்டு மாத்துங்கோ அக்கா, சரிவரும்" என்றார் தம்பி. சரிவரும்தான். ஆனால் அது நல்ல மெசினின் பூட்டைக் கழற்றுகிற வேலை. பழையதற்குள் போக அன்றிரவு மட்டும் மாற்றினேன், திருத்தங்கள் ஏறியதும் திருப்பி வைத்தேன்.

திருத்தம் ஏற்றுவதிலும் ஒரு சிக்கல். 2020 ஜனவரி அப்டேட் தொகுப்பை இறக்கிப் போட்டால் 80092004 என்ற எரரோடு நின்றது. பிந்திய அப்டேட்கள் எஸ்எச்ஏ-2 என்ற புதுவகை டிஜிற்றல் கையொப்பத்தோடு வருகின்றன, பழைய விண்டோஸ் 7க்கு அதை வாசிக்கத் தெரியாது. மைக்ரோசொஃப்ட் அப்டேட் கற்றலொக்கில் இருந்து முதலில் கேபி4490628 என்ற அப்டேட், பிறகு கேபி4474419, அதன் பிறகு தொகுப்பு. சேர்விஸ் பாக் 1 இருக்க வேண்டும், 32 பிற்றா 64 பிற்றா என்று பார்த்து இறக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு, எந்த எரரும் இல்லாமல், என் கணக்குத் திரை வீட்டு மேசையில் திறந்தது. அம்மாவை எழுப்பிக் காட்டினேன்.

நான்கு நாள் நன்றாகப் போனது. பிறகு மாரி மழையும் மின்வெட்டும். காலையில் பழைய மெசின் பதில் தரவில்லை. கூட்டித் துடைக்க வாற அம்மாவிடம் போனில் கேட்டேன். "லைற் எரியுது பிள்ளை, ஓடுது" என்றார். என் அம்மாவைப் பக்கத்து வீட்டில் பார்க்கச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கைதடி, நாவற்குழி, செம்மணி வெளி எல்லாம் ஒரே மழை. போய் மொனிற்றரைப் போட்டால், கறுப்புத் திரையில் 'எஃப்1 அமத்து' என்று காத்துக்கொண்டு நின்றது. அமத்தினேன். பயோஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் மெசினின் அமைப்புத் திரையில்) திகதியைத் திருத்தி, கரண்ட் வந்ததும் தானாக ஓடும்படி வைத்தேன். றவுட்டரில் மெசினுக்கு மாறாத ஐபியும் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். ஒரு படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருந்தால் அந்த நாள் மிச்சம்.

அடுத்த மின்வெட்டில் திரும்பவும் அதே கதை. இந்த முறை போனிலேயே எஃப்1 அமத்தச் சொன்னேன். இணைத்தபோது, இரண்டு மெசின்களின் திகதிக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று வந்தது. பழையது 2009இல் நின்றது. அப்போதுதான் விளங்கியது: மதர்போட்டில் இருக்கும் காசு வடிவப் பற்றரி செத்துவிட்டது. கரண்ட் போகும்போதெல்லாம் திகதியும் போகிறது, தானாக ஓடு என்று நான் வைத்ததும் அதோடு அழிகிறது.

சேர் ஒரு சிஆர்2032 பற்றரி வாங்கி வந்தார். வீடியோ கோலில் நான் சொல்லச் சொல்ல, பிளக்கைக் கழற்றி, மூடியைத் திறந்து, பற்றரியை மாற்றி, பயோஸைத் திருப்பி வைத்தார். எழுபது வயதை நெருங்குகிறவர், மெசினுக்குள்ளே கை வைத்தது அதுதான் முதல் தடவை. 27ஆம் திகதி பின்னேரம் ரவுணில் கரண்ட் போய், ஒரு மணித்தியாலத்தால் வந்தது. நான் வீட்டில் அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டு இணைத்தேன். திறந்தது. கடைசிப் படிவம் அன்றிரவே போய்விட்டது.