36 வரி கொடுத்தேன், 30 ரிப்போர்ட் வந்தது

ஈபாநெட்டில் (குழாய்களில் தண்ணீரின் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடும் மென்பொருள்) ஒரே குழாய் வலையமைப்பைப் பல நிலைமைகளுக்கு ஓட்டிப் பார்க்க வேண்டியவர்கள், அதுவும் விண்டோஸ் பேட்ச் ஃபைலையும் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்) எக்செல்லையும் நம்பி இறங்கப்போகிறவர்கள், இதை ஒரு தடவை வாசித்துவிட்டுத் தொடங்குங்கள். எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

வேலை இதுதான். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். மேலே ஊற்று, கீழ் டிவிஷனின் கடைசி லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) அதிலிருந்து 130 மீற்றர் பள்ளத்தில். பம்ப் வேண்டாம், தண்ணீர் தானாக இறங்கிவிடும். ஆனால் 10 மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் என்று கணக்கு, ஆக இரவில் எல்லாரும் பைப்பை மூடிவிட்டால் அடியில் 13 பார் நிற்கும். டைப் 1000 பிவிசி குழாய்க்கு 10 பார்தான். அதனால் இடையில் ஓர் அழுத்தக் குறைப்பு வால்வு. அதை 30, 45, 60 மீற்றர் அழுத்தத்துக்கு வைத்தால் என்ன, வைக்காமலே விட்டால் என்ன என்று நாலு நிலை. குழாயின் ஹேசன்-வில்லியம்ஸ் எண் (உட்புறம் எவ்வளவு வழுவழுப்பு என்பதைக் காட்டுவது) 150, 140, 130 என்று மூன்று. தேவைப் பெருக்கெண் (வழக்கமான தண்ணீர்த் தேவையை எத்தனை மடங்காக்குவது என்பது) 1, 1.5, 2 என்று மூன்று (காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூடுவதற்கு, முன்னால் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் பைப் திறப்பார்கள் இல்லையா, அந்த நேரத்துக்குத்தான் 2). மொத்தம் 36 ஓட்டம்.

எனக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் ஒரு பேட்ச் ஸ்கிரிப்டை விட்டுப் போயிருந்தார். சிஎஸ்வி ஃபைலை (கமாவால் பிரித்த அட்டவணை, ஓட்டத்துக்கு ஒரு வரி) வரி வரியாக வாசிக்கும், மாதிரி ஐஎன்பி ஃபைலில் (ஈபாநெட்டுக்கான எழுத்து வடிவ உள்ளீடு) எண்களை மாற்றும், ஈபாநெட்டைக் கூப்பிடும், ரிப்போர்ட்டை ஓட்ட எண்ணின் பேரில் சேமிக்கும். காரியாலயத்தில் “அது நல்லா வேலை செய்யும், தொடாதீங்க” என்றார்கள். வலையமைப்பை ஈபாநெட்டின் சொந்த வடிவமான நெட் ஃபைலாகக் கொடுத்திருந்தார்கள், அதை ஐஎன்பியாக எக்ஸ்போர்ட் செய்துகொண்டேன். முதலில் வந்த ரிப்போர்ட்டில் ஒரு கணுவின் (குழாய்கள் சேரும் புள்ளியின்) அழுத்தம்கூட இல்லை. அது சின்ன விஷயம், ஐஎன்பியின் ரிப்போர்ட் பகுதியில் ‘நோட்ஸ் ஆல்’ (NODES ALL) என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

அப்புறம்தான் கூத்து. 36 வரி ஓடி முடிந்தது, ஃபோல்டரில் 30 ரிப்போர்ட். எந்த ஆறு காணாமல் போனது என்று பார்த்தால் 1 முதல் 30 வரை வரிசையாக எல்லாம் இருக்கிறது, கடைசி ஆறு மட்டும் இல்லை. சரி, பாதியில் நின்றுவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். திரும்ப ஓட்டினால் அதே 30.

காரணம் ஓட்ட எண். அழகாக இருக்கட்டும் என்று சிஎஸ்வியில் 001, 002 என்று எழுதியிருக்கிறார்கள். ஸ்கிரிப்டோ அதை ‘செட் ஸ்லாஷ் ஏ’ வழியாக எண்ணாக்குகிறது. அந்தக் கட்டளைக்கு முன்னால் பூச்சியம் வந்தால் அது எட்டடிமான எண். 007 வரை பிரச்சினை தெரியாது. எட்டடிமானத்தில் 8, 9 என்ற இலக்கமே கிடையாது, அதனால் 008, 009 இரண்டும் பிழை. பிழை வந்தாலும் ஸ்கிரிப்ட் நிற்காது, பழைய எண் 7 அப்படியே கிடக்கும், ஆக எட்டாவதும் ஒன்பதாவதும் ஏழாவது ரிப்போர்ட்டின் மேலேயே எழுதப்படும். 010 வந்ததும் அது 8 ஆகிவிடும். இப்படியே போனால் 036 என்பது 30. பிழைச் செய்தி திரையில் வரத்தான் செய்தது, ஆனால் ஈபாநெட் கக்குகிற வரிகளுக்கு நடுவில் அது ஓடிப்போவதை யார் பார்ப்பது? ரிப்போர்ட் குறைந்தது நல்லதாகப் போயிற்று. பெயர் மட்டும் இடம் மாறி 36ம் வந்திருந்தால் அப்படியே கொடுத்திருப்போம். எண்ணை 101இலிருந்து தொடங்குங்கள், இந்தத் தலைவலியே வராது.

இரண்டாவது பொறி இதைவிட மோசம், ஏனென்றால் இதில் பிழைச் செய்தியே கிடையாது. வால்வு இல்லாத ஒன்பது வரிகளில் வால்வுக்கான கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். எக்செல்லில் பார்க்க சுத்தமாக இருக்கும். ஸ்கிரிப்டில் வரிகளைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிற ‘ஃபோர் ஸ்லாஷ் எஃப்’ கட்டளை அப்படிப் பார்ப்பதில்லை, அடுத்தடுத்து இரண்டு கமா வந்தால் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். 140, காலி, 1.5 என்ற வரியில் 1.5 போய் வால்வின் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. பெருக்கெண்ணுக்கு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லாவிட்டால் ஈபாநெட் 1 என்று வைத்துக்கொள்ளும். விளைவு, வால்வே இல்லாத நிலைமை என்று நாங்கள் நினைத்தது உண்மையில் வால்வை ஒன்றரை மீற்றருக்கு நெரித்த நிலைமை.

அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு கூட்டத்தில் ஒருவர், வால்வு போடாவிட்டால் கீழ் லயத்துக்குத் தண்ணீர் சரியாக வராது என்று விளக்கமே சொல்லிவிட்டார். தோட்டத்தில் பைப் பார்க்கிற அண்ணன் பின்னால் இருந்து, “என்னங்கய்யா, அங்கதானே பைப்பு வெடிக்குது” என்றார். அதோடு அட்டவணையை மடித்து வைத்தோம்.

இதற்கு நான் செய்தது: காலிக் கட்டம் ஒன்றுகூட விடவில்லை. வால்வு வரியை ஐஎன்பியின் ஸ்டேட்டஸ் பகுதியில் வைத்தால் அங்கே எண்ணும் போடலாம், ‘ஓப்பன்’ என்ற சொல்லும் போடலாம், இரண்டையும் ஏற்கும். அதனால் ஒரே நிரலில் 30, 45, 60, ஓப்பன் என்று எழுதிவிடலாம். இன்னொன்று, ஒவ்வொரு ஓட்டத்திலும் மாற்றிய ஐஎன்பியை அழிக்காமல் ரிப்போர்ட்டோடு சேர்த்து வைத்தேன். சிஎஸ்வியில் என்ன எழுதினோம் என்பது கதை, ஐஎன்பியில் என்ன போயிருக்கிறது என்பதுதான் கணக்கு.

எக்செல் பற்றியும் சொல்லவேண்டும். குழாய்க்கு 3-4 என்று பெயர் வைத்தீர்களோ, அது உடனே திகதியாக்கிவிடும். சிஎஸ்வியை எக்செல்லில் திறந்து பார்த்துவிட்டு சேமிக்கவே சேமிக்காதீர்கள், நோட்பேட் போதும். யுடிஎஃப்-8 சிஎஸ்வியாக எக்செல் சேமித்தால் ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் ஒட்டிக்கொள்ளும். முதல் வரியில் தலைப்பு வைத்து, அந்த வரியைத் தாண்டிப் போகச் சொல்லும் ‘ஸ்கிப்’ போட்டுவிட்டால் அது தலைப்போடு போய்விடும்.

எல்லாம் சரியாகி, பெருக்கெண் 2இல் மேல் லயங்களின் அழுத்தம் பூச்சியத்துக்குக் கீழே போனது. வழக்கமான முறையில் ஈபாநெட் அழுத்தம் இருக்கிறதோ இல்லையோ கேட்ட தண்ணீரை முழுதாகக் கொடுத்ததாகவே கணக்குப் போடும். 2020இல் வந்த 2.2 பதிப்பில் அழுத்தத்துக்கு ஏற்ப விநியோகத்தைக் குறைக்கும் வழி உண்டு. அதைச் சேர்த்து ஓட்டிப் பார்த்து, பெரிய மழையில் பஸ் பிடித்து காரியாலயத்துக்குப் போனால், அங்கே கம்பியூட்டரில் இருந்தது 2.0. அந்த வரியே அதற்குப் புரியவில்லை, உள்ளீட்டில் பிழை என்று நின்றுவிட்டது. புதியதைப் போட அனுமதி வேண்டுமாம், அனுமதி தருகிறவர் லீவாம். நனைந்த சட்டையோடு திரும்பி வந்தேன். அடுத்த முறை 2.2இன் கட்டளைவரிப் பதிப்பை, அதற்குரிய டிஎல்எல்லோடு பென் டிரைவிலேயே கொண்டுபோய் அங்கிருந்தே ஓட்டிக் காட்டினேன், எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவைப்படவில்லை.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் பாக்கி. ஊற்றை ஈபாநெட்டில் நீர்த்தேக்கமாகத்தான் காட்டுகிறோம், அது எவ்வளவு கேட்டாலும் கொடுத்துக்கொண்டே இருக்கும். பெப்ரவரி, மார்ச் வெயிலில் பீலி (ஊற்றுத் தண்ணீர் விழும் வாய்) நூலாக ஒழுகுவது அதற்குத் தெரியாது. ஊற்றுவாயில் ஓட்டக் கட்டுப்பாட்டு வால்வு ஒன்று வைத்து, வாளியும் கடிகாரமுமாக அளந்த வரத்தை அதற்குக் கொடுக்கவேண்டும். சிஎஸ்வியில் ஐந்தாவது நிரல் சேர்த்தாயிற்று, அளவெடுக்க வெயில் காலம் வரவேண்டும்.